இரண்டு கண்களுக்கு இடையே ஒரு தாமதம்

இடப்பக்கம் சட்டென்று பார்வையைத் திருப்பினால் எனக்கு எல்லாம் ஒரு கணம் இரண்டாகப் பிரிந்து, பிறகு மெல்ல ஒன்றாகச் சேரும். வலப்பக்கம் திரும்பும்போது அப்படி ஆவதில்லை. மெதுவாகத் திருப்பினால் இடப்பக்கத்திலும் ஒன்றும் தெரியாது. புத்தகம் படிக்கும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் போக வேண்டிய இடத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நான் கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தொடர்வேன். இதை மருத்துவரிடம் சொல்வதற்கே எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. சொன்னபோது, அரை நொடிகூட நீடிக்காத ஒரு விஷயத்தை எப்படி விவரிப்பது என்று தெரியாமல், "பார்வை பின்தங்கி வருகிறது" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மருத்துவர் ஒரு விரலை என் முகத்துக்கு முன்னால் நிறுத்தி, அதைப் பின்தொடரச் சொல்லி, நிதானமாக இடமும் வலமும் மேலும் கீழுமாக நகர்த்தினார். என் கண்கள் இரண்டும் விரலோடு சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பின. "கண் அசைவு இயல்பு" என்று கோப்பில் எழுதப்பட்டது. எனக்குத் தண்டுவட மரப்பு நோய், அதாவது மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.), இருப்பது அப்போது உறுதியாகியிருந்தது. காலில் மரத்துப்போதலும் ஒரு முறை வலக்கண்ணில் வந்துபோன நரம்பு அழற்சியும் பதிவாகியிருந்தன. ஆனால் இந்தப் புகார் மட்டும் சோர்வின் கணக்கில் சேர்க்கப்பட்டது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒரு விரல் ஏன் போதவில்லை என்பதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன். அதே புகாரோடு, அதே விரலுக்கு முன்னால் உட்காரும் இன்னொருவருக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

இரண்டாவதாக நான் பார்த்த நரம்பியல் மருத்துவர் விரலை நகர்த்தவே இல்லை. ஒரு கையில் பேனாவையும் மறு கையில் தன் விரலையும் சற்று அகலமாகப் பிடித்துக்கொண்டு, "பேனா… விரல்… பேனா…" என்று சொல்லச் சொல்லப் பார்வையைத் தாவவிடச் சொன்னார். ஐந்தாறு முறைக்குப் பிறகு உடன் வந்திருந்த என் தம்பியைப் பக்கத்தில் அழைத்து, என் மூக்குத்தண்டைப் பார்த்தபடி இரண்டு கண்களையும் ஒருசேரக் கவனிக்கச் சொன்னார். அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இடது கண் போய்ச் சேர்ந்துவிடுகிறது, வலது கண் பின்னாலேயே நகர்ந்து வருகிறது" என்றான். நான் மாதக்கணக்கில் சொல்ல முடியாமல் தவித்ததை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

நம் கண்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவுகின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவுகின்றன. மருத்துவர்கள் இதைச் சக்கேட் என்கிறார்கள். நான் தாவல் என்றே எழுதுகிறேன். மனித உடல் செய்யும் அசைவுகளில் மிக விரைவானவற்றுள் இதுவும் ஒன்று. பெரிய தாவல்களில் உச்ச வேகம் நொடிக்கு 500 டிகிரியையும் தாண்டும். ஓர் இலக்கு தோன்றியதும் கண் கிளம்ப ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். கிளம்பிய பிறகு 20 டிகிரி தூரத்தைக் கடக்க 65 மில்லிநொடி அளவே போதும். தாவல் பெரிதாகப் பெரிதாக வேகமும் ஒரு ஒழுங்கோடு கூடும். அந்த ஒழுங்கு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை என்பதால்தான், எந்தத் தாவல் மந்தமானது என்று அளந்து சொல்ல முடிகிறது.

இனி வயரிங். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்த நாளில்தான் என் நோயின் ஒரு மூலையாவது எனக்கு விளங்கிற்று. இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் இடது கண் வெளிப்புறமாகவும் வலது கண் மூக்கை நோக்கி உட்புறமாகவும் திரும்ப வேண்டும். இரண்டு வேறு கண்கள், இரண்டு வேறு தசைகள், இரண்டு வேறு நரம்புகள். ஆனால் கட்டளை ஒன்றுதான். அது மூளைத்தண்டின் நடுப்பகுதியில் உள்ள ஆறாம் நரம்பின் கருவுக்கு, அதாவது அந்த நரம்பு கிளம்பும் நரம்பணுத் திரளுக்கு, வருகிறது. அங்கிருந்து ஒரு பங்கு நேரே இடது கண்ணின் வெளித்தசைக்குப் போகிறது. இன்னொரு பங்கு நடுக்கோட்டைக் கடந்து, வலப்பக்கத்தில் ஒரு மெல்லிய நரம்பிழைக் கற்றையின் வழியே மேலே ஏறி, நடுமூளையிலுள்ள மூன்றாம் நரம்பின் கருவை அடைந்து, அங்கிருந்து வலது கண்ணின் உட்தசைக்குப் போகிறது. அந்தக் கற்றையைச் சுருக்கமாக எம்.எல்.எஃப். என்பார்கள். சில சென்டிமீட்டர்கூட நீளமில்லாத அந்தப் பாதையில் ஒரு தழும்பு விழுந்தால், ஒரே கட்டளையின் இரண்டு பிரதிகளில் ஒன்று தாமதமாகப் போய்ச் சேரும். வலப்பக்கக் கற்றை பழுதானால் இடப்பக்கம் பார்க்கும்போது வலது கண் பின்தங்கும்; முந்திச் சென்ற இடது கண் எல்லையில் நின்று துடிக்கும். இந்த நிலைக்கு ஐ.என்.ஓ. என்று பெயர். இளவயதினர் ஒருவரிடம் இது இரண்டு பக்கமும் காணப்பட்டால், மருத்துவர்கள் முதலில் நினைப்பது எம்.எஸ். நோயைத்தான்.

ஆனால் மெதுவாக நகர்ந்த விரல் ஏன் இதைக் காட்டவில்லை? விடை நரம்பிழையின் மேலுள்ள மயலின் உறையில் இருக்கிறது. எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே இந்த உறையைத் தாக்குகிறது. உறை உரிந்த நரம்பிழை உடனே செத்துவிடுவதில்லை. அது இன்னும் சைகைகளைக் கடத்தும். ஆனால் அடுத்தடுத்து மிக நெருக்கமாக வரும் சைகைகளை அதனால் கடத்த முடியாது. மெதுவான பின்தொடரலுக்கு நிதானமான ஓட்டம் போதும். தாவலுக்கோ, தொடங்கும் கணத்தில் நொடிக்கு நூற்றுக்கணக்கில், சில நரம்பணுக்களில் ஏறத்தாழ ஆயிரம் வரை, சைகைகள் வெடித்துப் பாய வேண்டும். பழுதான கற்றை அந்த வெடிப்பின் முனையை மழுக்கிவிடுகிறது. கடைசியில் கண் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தூரத்தில் குறையில்லை, வேகத்தில்தான் குறை. எனவே மெதுவாக நகரும் விரலைக் கொண்டு சோதிப்பது, பழுதான பாதையில் அதனால் தாங்கக்கூடிய சுமையை மட்டும் ஏற்றிப் பார்ப்பதாகும். ஆய்வொன்றில், அனுபவமுள்ளவர்கள் உட்படப் பல தேர்வாளர்களிடம் நோயாளிகளின் கண் அசைவைக் காட்டியபோது, கடுமையான ஐ.என்.ஓ.வைக் கிட்டத்தட்ட எல்லோரும் கண்டுபிடித்தார்கள்; லேசானதைப் பெரும்பாலோர் தவறவிட்டார்கள். வெறுங்கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. 65 மில்லிநொடிக்குள் நடந்து முடியும் ஒன்றில் இரண்டு கண்களின் வேகத்தை ஒப்பிடுவது அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு சிறு சோதனை இருக்கிறது. அதை என் மருத்துவர் செய்து காட்டியபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. பேனாவை என் மூக்குக்கு நேராகப் பக்கத்தில் கொண்டுவந்தார். இரண்டு கண்களும் ஒழுங்காக உள்நோக்கித் திரும்பின. பின்தங்கிய அதே வலது கண்ணும், அதே உட்தசையைக் கொண்டே. அருகில் பார்ப்பதற்கான கட்டளை அந்தக் கற்றையின் முழுப் பாதையையும் நம்பியிருக்கவில்லை. ஆகவே தசை நலமாக இருக்கிறது, அதை ஓட்டும் நரம்பும் நலமாக இருக்கிறது, இடையில் ஓடும் கம்பியில்தான் கோளாறு. எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு பேனாவைக் கொண்டு, மூளைத்தண்டுக்குள் இடத்தைச் சுட்டிக்காட்ட முடிகிறது.

கருவியைக் கொண்டு அளக்கும் பரிசோதனை சில வாரங்களுக்குப் பிறகு நடந்தது. இருட்டான சிறிய அறை. தாடையைத் தாங்கும் ஒரு மேடை, நெற்றி சாய்வதற்கு ஒரு பட்டை, எதிரே ஒரு திரை, அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும் ஒரு கேமரா. கருவிழியின் மேற்பரப்பில் விழும் ஒளிப்புள்ளியையும் கண்மணியின் மையத்தையும் அது நொடிக்கு 500 அல்லது 1000 முறை பதிவு செய்கிறது. பரிசோதனையை நடத்திய இளம்பெண் முதலில் என் இடது கண்ணை ஒரு மறைப்பால் மூடிவிட்டு, வலது கண்ணால் மட்டும் திரையின் ஒன்பது புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். பிறகு மறைப்பை மாற்றினார். "மேடம், கொஞ்சம் பொறுமையாக இருங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாக அளவு பிடிக்க வேண்டும்" என்றார். அந்த மறைப்பு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு உணர்ந்தேன். இரண்டு கண்களையும் திறந்து வைத்துச் சேர்த்து அளவு பிடித்தால், அவற்றுக்கிடையே ஏற்கெனவே இருக்கும் பிசகு அளவுகோலுக்குள்ளேயே கலந்து மறைந்துவிடும்.

ஒரு காலத்தில் இதற்குக் கண்ணிலேயே கம்பிச்சுருள் பொருத்த வேண்டியிருந்தது. டேவிட் ராபின்சன் 1963இல் விவரித்த அந்த முறையில், மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கம்பிச்சுருள் பொதிந்த வில்லையைக் கண்ணில் அணிவித்து, காந்தப் புலத்துக்குள் உட்கார வைத்து அளப்பார்கள். துல்லியத்தில் அது இன்றும் மதிக்கப்படுகிறது, நோயாளிக்குத்தான் எளிதல்ல. கேமரா முறை வந்தபின் என்னைப் போன்றவர்கள் வலியில்லாமல் உட்கார முடிகிறது.

திரையில் ஒரு புள்ளி நடுவில் நின்றது. திடீரென்று இடப்பக்கம் தோன்றியது, பிறகு நடுவில், பிறகு வலப்பக்கம், சில நேரம் 8 டிகிரி, சில நேரம் 15 டிகிரி. எப்போது, எந்தப் பக்கம் என்று ஊகிக்க முடியாதபடி அது தாவிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடங்களுக்குள் கண் எரிந்தது. சிமிட்டலாமா என்று கேட்டதற்கு, "புள்ளி நடுவில் நிற்கும்போது சிமிட்டிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. முடிந்ததும் அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு தாவலும் ஒரு படிக்கட்டுப் போல வரையப்பட்டிருந்தது, வலது கண்ணுக்குச் சிவப்புக் கோடு, இடது கண்ணுக்கு நீலக் கோடு. வலப்பக்கத் தாவல்களில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. இடப்பக்கத் தாவல்களில் நீலக் கோடு செங்குத்தாக ஏறி, இலக்கைச் சற்றே தாண்டிப் பின்வாங்கியது. சிவப்புக் கோடு அதே இடத்தில் கிளம்பி, சரிந்த கூரை போல இழுத்துக்கொண்டு ஏறி, வெகு நேரம் கழித்துத் தன் இடத்தை அடைந்தது. வெகு நேரம் என்று நான் சொல்வது நொடியின் ஒரு சிறு பங்கைத்தான். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்த ஒல்லியான முக்கோணத்துக்குள்தான் என் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. நான் அழுதேன். நோய் இருப்பது தெரிந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

இந்த இடைவெளியை ஓர் எண்ணாகச் சொல்ல வழி இருக்கிறது. வெளிநோக்கிப் போகும் கண்ணின் உச்ச வேகத்தை உள்நோக்கிப் போகும் கண்ணின் உச்ச வேகத்தால் வகுப்பார்கள், இதை வி.டி.ஐ. என்கிறார்கள். நலமானவர்களிடம் இது ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு கண் நொடிக்கு 400 டிகிரி வேகத்திலும் மற்றது 250 டிகிரி வேகத்திலும் போனால் விகிதம் 1.6 ஆகும். இந்த விகிதத்தின் அருமை என்னவென்றால், அது இரண்டு கண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. தூக்கம் போதாத நாளில் இரண்டு கண்களும் சேர்ந்தே மந்தமாகும், க்ளோனாசெபாம் போன்ற மருந்துகளும் இரண்டையும் சேர்த்தே மந்தமாக்கும். அப்போதும் விகிதம் பெரிதாக அசைவதில்லை. ஒரு கண் மட்டும் பின்தங்கினால்தான் அது ஏறுகிறது. நம்மையே நமக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமானதாகப் படுகிறது.

வெவ்வேறு இடங்களில் எடுத்த அளவுகளை ஒப்பிடுவதற்கு, புள்ளி எவ்வளவு தூரம் தாவ வேண்டும், எத்தனை முறை தாவ வேண்டும் என்பவை ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காகவே ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2018இல் டீமான்ஸ் என்ற பொது நெறிமுறையை வெளியிட்டார்கள். கைபேசிக் கேமராவைக் கொண்டே இதைச் செய்துவிடலாம் என்று சொல்லப்படும்போது நான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்: நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் கேமராவுக்கு, 65 மில்லிநொடித் தாவலில் இரண்டு படங்கள்தான் கிடைக்கும். கண் எங்கே கிளம்பியது, எங்கே நின்றது என்பது தெரியலாம். எப்படிப் போயிற்று என்பது அதில் பிடிபடாது.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1890இல், உடற்பயிற்சிக்குப் பிறகு சில எம்.எஸ். நோயாளிகளின் பார்வை மங்கி, ஓய்வுக்குப் பின் தெளிவதைப் பதிவு செய்தார். காரணம் உடல் சூடு என்பது பின்னால் விளங்கிற்று: உறை இழந்த நரம்பிழை, வெப்பம் சற்றே ஏறினாலும் சைகையைக் கைவிட்டுவிடும். வெந்நீரில் குளித்து முடித்ததும் எனக்கு இடப்பக்கம் பிரிந்து தெரிவது கூடும்; அரை மணியில் பழைய நிலைக்கு வரும். இதை நான் கற்பனை என்றே நினைத்திருந்தேன். தண்ணீர் ஓடும் குழாய்கள் பொருத்திய உடையை ஐ.என்.ஓ. உள்ள நோயாளிகளுக்கு அணிவித்து, உடல் வெப்பத்தை ஏற்றியும் இறக்கியும் ஆய்வாளர்கள் கண் தாவலை அளந்திருக்கிறார்கள். சூடேறும்போது பின்தங்கும் கண் இன்னும் பின்தங்கியது, குளிர்ந்தபோது மீண்டது. தொடர்ந்து பல நிமிடங்கள் தாவச் செய்தாலும் இடைவெளி விரிவது அளக்கப்பட்டிருக்கிறது. சோர்வு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாங்கள் அடைத்து வைப்பவற்றில் ஒரு பங்காவது கம்பியின் சோர்வு என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் பார்த்ததில்லை.

தாவலைத் தவிர வேறு சோதனைகளும் அன்று நடந்தன. அசையாமல் ஒரு புள்ளியை உற்றுப் பார்ப்பது ஒன்று. அதில் சிலருக்குக் கண் ஊசல் போல ஓயாமல் ஆடும். அவர்களுக்குச் சுவரும் எழுத்தும் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். காபாபென்டின், மெமன்டின் ஆகிய மருந்துகள் அந்த ஆட்டத்தைக் குறைக்க உதவுகின்றன என்பதால், அதைக் கண்டுபிடிப்பது வெறும் பதிவுக்காக மட்டுமல்ல. மற்றொன்று எதிர்த்தாவல். புள்ளி இடப்பக்கம் தோன்றினால் வலப்பக்கம் பார்க்க வேண்டும். பீட்டர் ஹாலெட் 1978இல் அமைத்த இந்தச் சோதனை, கண்ணைவிட நெற்றிப்பக்க மூளையின் கட்டுப்பாட்டைத்தான் சோதிக்கிறது. இழுக்கும் புள்ளியைப் பார்க்காமல் இருக்க வேண்டும். நான் பல முறை தோற்றேன். தோற்ற கணமே தெரிந்துவிடும். கண் தானே திரும்பி மறுபக்கம் ஓடும். எம்.எஸ். உள்ளவர்களிடம் இந்தப் பிழைகள் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சிந்தனை வேகத்தை அளக்க எங்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது எஸ்.டி.எம்.டி. என்ற தேர்வு. தாளின் மேலே ஒன்பது குறிகளும் அவற்றுக்கான எண்களும் இருக்கும். கீழே வரிசையாக வரும் குறிகளுக்கு உரிய எண்ணை 90 நொடிக்குள் முடிந்தவரை சொல்ல வேண்டும். அந்த 90 நொடியும் கண் மேலும் கீழும் இடமும் வலமுமாகத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். கண் பின்தங்கும் ஒருவர் அதில் குறைந்த மதிப்பெண் எடுத்தால், மனம் மந்தமானதா, கண் மந்தமானதா? என் முதல் மதிப்பெண்ணைப் பார்த்து என் நினைவாற்றலைப் பற்றி வீட்டில் கவலையோடு பேசப்பட்டது. கண் அசைவை அளக்காமல் அந்த மதிப்பெண்ணைப் படிப்பது நியாயமில்லை என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

அதேபோல, உடல்நிலையை 0 முதல் 10 வரை மதிப்பிடும் இ.டி.எஸ்.எஸ். அளவுகோலில், ஜான் கர்ட்ஸ்கே 1983இல் வகுத்த அமைப்பின்படி, 4க்கு மேல் போனால் நடைதான் பெரும்பாலும் எண்ணைத் தீர்மானிக்கிறது. நன்றாக நடக்கிற, ஆனால் படிக்க முடியாத ஒருவரின் இழப்புக்கு அதில் இருக்கும் இடம் மிகச் சிறியது. 1868இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இந்த நோயை விவரித்தபோது கண்ணின் துடிப்பை அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக வைத்தார். அத்தனை காலமாகத் தெரிந்த ஓர் உறுப்பின் அசைவை இன்றும் பெரும்பாலான ஆலோசனை அறைகளில் ஒரு விரலால் அரை நிமிடத்தில் பார்த்து முடிக்கிறார்கள்.

பரிசோதனையின் எல்லைகளையும் என் மருத்துவர் மறைக்கவில்லை. ஐ.என்.ஓ. இருப்பதாலேயே எம்.எஸ். என்று முடிவு செய்ய முடியாது. வயதானவர்களிடம் ஒரு பக்கம் மட்டும் வந்தால் மூளைத்தண்டில் ரத்த ஓட்டம் தடைபட்டதை எண்ண வேண்டும். தசைகளைச் சோர்வடையச் செய்யும் மையஸ்தீனியா நோயும் இதே தோற்றத்தைப் போலியாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தக் கற்றையில் தழும்பு தெரியாமலும் போகலாம். கார்பமசெபின் போன்ற மருந்து ஓரப் பார்வையில் கண்ணைத் துடிக்க வைக்கும். "எண் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். அடுத்த வருட எண்ணோடு சேர்த்துப் படிப்போம்" என்றார்.

பயன் என்ன என்று தம்பி அவரிடம் கேட்டான். கண்ணைச் சரிசெய்யும் மருந்து என்று இதற்கு நிச்சயமாக ஒன்றைச் சொல்ல முடியாது என்றார். நரம்பிழையின் பொட்டாசிய வழிகளை அடைத்துக் கடத்தலை மேம்படுத்தும் ஃபாம்ப்ரிடினைத் தாவலின் வேகத்தைக் கொண்டே ஆராய்கிறார்கள். மயலினை மீண்டும் வளர்க்கும் முயற்சிகளுக்கும் இது பொருத்தமான களம், ஏனென்றால் பாதை எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்பது நன்றாகத் தெரியும், பலனை ஓர் எண்ணாகவும் படிக்க முடியும். எனக்குக் கிடைத்த பயன் அதைவிட எளியது. இடப்பக்கம் பார்க்க வேண்டியிருந்தால் இப்போது கண்ணுக்கு முன் தலையைத் திருப்புகிறேன். படிகளில் இறங்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் அதை விடுவதில்லை. படிக்கும்போது வரிகள் குறுகலாக இருக்கும்படி திரையின் அகலத்தைக் குறைத்துக்கொள்கிறேன், வரியிலிருந்து வரிக்கு நீளமான தாவல் தேவைப்படாதபடி.

அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கோப்பின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் பரிசோதனை நடந்த வேளை, முந்தைய இரவு தூங்கிய மணிநேரம், அன்று சாப்பிட்ட மருந்துகள், காய்ச்சல் இல்லை, குளித்து மூன்று மணிநேரம் ஆகியிருந்தது என்று அதில் குறித்திருக்கிறேன். இரண்டாவது முறையும் அதே வேளையில் நேரம் கேட்டிருக்கிறேன். தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். சிவப்புக் கோட்டை முதலில் தான்தான் பார்க்க வேண்டும் என்கிறான்.